சங்குப்பொடிக் கஞ்சி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல் இப்போது இருக்கிற இடத்துக்கு இரண்டு காதம் தள்ளி அலையடித்துக்கொண்டிருந்த நாளில், அதன் கரையில் வெண்சங்கபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜா கனகமாறன். அவனுக்கு யானை பிடிக்கும், முத்து பிடிக்கும், சுருக்கமில்லாத முகம் பிடிக்கும். முதல் ராணிக்கு நெற்றியில் மூன்று கோடு விழுந்ததும் அவளை உப்பளத்துக்கு நடுவே இருந்த பழைய மாளிகைக்கு அனுப்பிவிட்டான். "அங்கே காற்று நன்றாக இருக்கும், போய் இரு" என்றான். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது ராணி செண்பகமாலை. ஆனால் இது அவள் கதை இல்லை. அவளுக்குத் தினமும் காலைக் கஞ்சி கொண்டுபோன ஆராயியின் கதை.

ராணியின் அறை கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கீழே அடுக்களை. இரண்டுக்கும் நடுவே நூற்றெட்டுப் படி. ஆராயிக்கு வயது நாற்பது. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயதில் தவமணி என்று ஒரு மகள். ஒவ்வொரு படிக்கும் ஆராயியின் முட்டி ஒரு சத்தம் போடும். நூற்றெட்டுப் படிக்கும் நூற்றெட்டுச் சத்தம். கஞ்சி ஆறுவதற்குள் போயாக வேண்டும் என்பதால் நடுவில் உட்காரவும் முடியாது.

ஒருநாள் காலையில் ராணி கண்ணாடியை விட்டு நகராமல் நின்றாள்.

"ஆராயி, இங்கே வா. என் கண்ணுக்குக் கீழே பார். இந்தக் கோடு நேற்று இருந்ததா?"

"போன மாதமே இருந்தது, அம்மா."

"நீயாவது பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள் ராணி. கண்ணாடி மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

அந்த வாரமே சங்கோடன் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்து சேர்ந்தான். அவன் வயது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. முகம் பீங்கான் கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. சிரித்தால்கூட அதில் ஒரு மடிப்பு விழாது. அவனுக்குப் பின்னால் கூழைக்கடா என்ற பெரிய நீர்ப்பறவை ஒன்று அசைந்து அசைந்து வந்தது. அலகுக்குக் கீழே தொங்குகிற பையில் அது வெள்ளை வெளேரென்று ஒரு பொடியைச் சுமந்துகொண்டிருந்தது.

"தேவி, இது சங்குப்பொடி. ஒரு கரண்டி போட்டால் தோல் இறுகும். இரண்டு கரண்டி போட்டால் கூந்தல் வளரும். மூன்று கரண்டி போட்டால் மூட்டு வலி ஓடிப்போகும். வாசனை இல்லை, ருசி இல்லை. கஞ்சியில் கலந்தால் கலந்ததே தெரியாது" என்றான் சங்கோடன்.

"எதனால் செய்தது?" என்று ராணி கேட்டாள்.

"எல்லாரையும் வெளியே போகச் சொல்லுங்கள், சொல்கிறேன்" என்றான்.

எல்லாரும் வெளியே போனார்கள். ஆராயியும் போனாள். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது ராணியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால், "நாளையிலிருந்து மூன்று கரண்டி கலந்து கொண்டுவா" என்று சொல்லிவிட்டாள்.

முதல் வாரத்தில் கண்ணுக்குக் கீழிருந்த கோடு மறைந்தது. இரண்டாம் வாரத்தில் கூந்தல் இடுப்பைத் தாண்டியது. மூன்றாம் வாரத்தில் ராஜா கோபுரத்துக்கு வந்தான், வந்தவன் நான்கு நாள் இறங்கவே இல்லை. ராணி கண்ணாடியின் மேலிருந்த துணியை எடுத்து ஆராயியிடம் கொடுத்து, "இதில் உன் மகளுக்குப் பாவாடை தைத்துக்கொடு" என்றாள்.

ராணி குடித்து முடித்த கிண்ணத்தின் அடியில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். ஒருநாள் படியிறங்கும்போது ஆராயிக்குப் பசி தாங்கவில்லை. விரலால் அதை வழித்து நக்கினாள். மறுநாள் ஏறும்போது முட்டி பாதிச் சத்தம்தான் போட்டது. அன்றைக்கும் வழித்து நக்கினாள். அதற்கடுத்த நாள் முட்டி சத்தமே போடவில்லை. நூற்றெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, மேலே நின்று கடலைப் பார்த்தாள். இருபது வருஷமாக ஏறுகிறாள், அங்கிருந்து கடல் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

அப்புறம் தினமும் வழித்தாள். கன்னம் மினுமினுத்தது. கையில் இருந்த சுருக்கமெல்லாம் போயிற்று. கிணற்றடியில் பெண்கள், "என்ன ஆராயி, கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டார்கள். "அரண்மனைச் சாப்பாடு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதே நாட்களில் மீனவர் தெருவில் என்னென்னவோ நடந்தது. வலை பின்னுகிற அன்னக்கொடிக்கு முப்பது வயதுதான். அவளுடைய விரல்கள் மடங்க மறுத்தன. அடுத்த வாரம் கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. கூடை தூக்குகிற பெண்களுக்கு முதுகு வளைந்தது. உப்புக் காற்றுதான் காரணம் என்று வைத்தியர் சொன்னார். வேறு என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் தவமணி வெளியே விளையாடப் போகாமல் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, என் கையைப் பாரேன். உன் கை மாதிரி ஆகிவிட்டது."

ஆராயி பார்த்தாள். ஒன்பது வயதுக் கை வற்றிச் சுருங்கிக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அது குழந்தையின் கை மாதிரி இருந்தது. அதைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "காய்ச்சலாக இருக்கும், படுத்துக்கொள்" என்றாள்.

மறுநாள் நூற்றெட்டுப் படி ஏறினாள், இறங்கினாள், கிண்ணத்தை வழித்து நக்கினாள். அதற்கு மறுநாளும் நக்கினாள். மூன்றாம் நாளும் நக்கினாள். முட்டி வலியோடு இருபது வருஷம் இருந்தவளுக்கு, அது இல்லாமல் இருப்பது எப்படியென்று தெரிந்த பிறகு, கிண்ணத்தை அப்படியே கழுவி வைக்க மனம் வரவில்லை.

நான்காம் நாள் விடிந்தபோது தவமணியால் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. தலைமுடி நரைத்திருந்தது. தண்ணீர் கேட்ட குரலும் கிழவியின் குரலாக இருந்தது.

ஆராயி நேராக அரண்மனைக் குளத்துக்கு ஓடினாள். அங்கே கூழைக்கடா பையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"பறவையே, அந்தப் பொடி எதனால் செய்தது?"

கூழைக்கடா மனிதக் குரலில் பேசியது. "மீன் செதிலாலும் மாட்டு எலும்பாலும் செய்தது."

"எதனால் செய்தது?"

"கடல் நுரையாலும் முத்துச் சிப்பியாலும் செய்தது."

"எதனால் செய்தது?"

பறவை அலகைத் தாழ்த்தியது. "மூன்றாம் தடவை கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தடவைக்கு மேல் இதுவரை யாரும் கேட்டதில்லை. பெண்ணே, தோல் ஆகாயத்திலிருந்து வராது. இருக்கிற இடத்திலிருந்துதான் வரும். ராணி குடிப்பது ஊர்ப் பெண்களிடமிருந்து வருகிறது. அடியில் ஒட்டியதை நீ நக்குகிறாயே, அது உன் வீட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு கரண்டியிலும் முதல் சிட்டிகையைச் சங்கோடன் எடுத்துக்கொள்கிறான். முந்நூறு வருஷமாக அவன் உயிரோடு இருப்பது அதனால்தான்."

ஆராயி கிட்டே போனாள். "இதைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லையா?"

"உண்டு. யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் முன்னால், பட்டப்பகலில், குடித்தவள் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வந்தது திரும்பிப் போகும். போகும்போது அவளுடைய சொந்த இளமையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். குடித்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டால் சங்கோடனுக்கு நிற்க இடம் இருக்காது."

ஆராயி கஞ்சி இல்லாமல் வெறுங்கையோடு மேலே ஏறினாள். பறவை சொன்னதை ராணியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். ராணி ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும். முதல் நாளே சொன்னான். 'ஊர்ப் பெண்களிடமிருந்து வரும், சம்மதமா' என்று கேட்டான். 'எந்தத் தெரு' என்று மட்டும் நான் கேட்டேன்."

"தெரிந்தே குடித்தீர்களா, அம்மா?"

"கோடு விழுந்தால் நான் போகிற இடம் உனக்குத் தெரியாதா? என்னைக் குற்றம் சொல்ல வந்திருக்கிறாய். நீ ஏன் இப்படி மினுக்குகிறாய் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா? படியிறங்கும்போது நீ கிண்ணத்தை வழிப்பதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா?"

ஆராயி படியிறங்கி வீட்டுக்குப் போனாள். தவமணியைத் தோளில் தூக்கிக்கொண்டாள். பிள்ளை காய்ந்த ஓலை மாதிரி கனமே இல்லாமல் இருந்தாள். உச்சி வெயிலில் மீன் சந்தைக்கு நடுவே கொண்டுபோய் இறக்கினாள். வியாபாரம் நின்றது.

"நான் குடித்தேன்" என்றாள் ஆராயி. "ராணியின் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததைத் தினமும் வழித்துக் குடித்தேன். இந்த முட்டி என் மகளுடையது. இந்தக் கன்னம் என் மகளுடையது."

சொல்லி முடிப்பதற்குள் முட்டி இரண்டும் மடங்கின. மண்ணில் விழுந்தாள். தோல் தளர்ந்தது, பல் ஆடியது. நாற்பது வயதுக்காரி அறுபது வயதுக்காரியாகக் கிடந்தாள். அவள் தலைமாட்டில் தவமணி எழுந்து நின்றாள். முடி கருத்திருந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

யாரும் ஓடிவந்து ஆராயியைத் தூக்கவில்லை. அன்னக்கொடி மட்டும் மடங்காத விரல்களை நீட்டியபடி கிட்டே வந்தாள். "உன் மகளுடையது உன்னிடம் இருந்தது. எங்களுடையது யாரிடம் இருக்கிறது?"

ஆராயி கோபுரத்தைக் காட்டினாள்.

பெண்கள் எல்லாரும் போய் அரண்மனை வாசலில் நின்றார்கள். வளைந்த முதுகோடு நின்றார்கள், கொட்டிய தலையோடு நின்றார்கள், மடங்காத விரலோடு நின்றார்கள். கூச்சல் போடவில்லை. கல்லெறியவில்லை. சும்மா மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆராயியை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்காரவைத்தார்கள்.

மேலே நடந்ததைப் பிற்பாடு ராணியே ஆராயியிடம் சொன்னாள். ராஜா ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தானாம். "பார்க்கவே சகிக்கவில்லை, திரையைப் போடு" என்றானாம். அப்புறம் ராணியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, தாடைக்குக் கீழே விரலால் தொட்டு, "இங்கே இன்னும் கொஞ்சம் இறுகினால் நன்றாக இருக்கும். நாளையிலிருந்து ஒரு கரண்டி கூட்டிக்கொள்" என்றானாம். எத்தனை கரண்டி போட்டாலும் இவன் விரல் இன்னொரு இடத்தைத் தொடும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்ததாம்.

செண்பகமாலை நூற்றெட்டுப் படியும் இறங்கி வாசலுக்கு வந்தாள். சங்கோடன் குறுக்கே ஓடிவந்தான். "தேவி, உள்ளே போங்கள். நான்கு கரண்டி தருகிறேன். ஐந்து தருகிறேன்" என்றான்.

"நான் குடித்தேன். உங்களிடமிருந்து வருகிறது என்று தெரிந்தே குடித்தேன்" என்றாள் ராணி அந்தப் பெண்களிடம்.

அவள் முகத்தில் ஒரு கோடு விழுந்தது, பத்துக் கோடு விழுந்தது, நூறு கோடு விழுந்தது. கூந்தல் வெளுத்துத் தோளோடு நின்றது. அன்னக்கொடியின் விரல்கள் மடங்கின. முதுகுகள் நிமிர்ந்தன. சங்கோடனின் பீங்கான் முகத்தில் முதல் தடவையாக ஒரு கீறல் தெரிந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை அது ஓடியது. அவன் இருந்த இடத்தில் மீன் செதிலும் எலும்புத் தூளும் ஒரு குவியலாகக் கிடந்தன. கூழைக்கடா பையில் மிச்சமிருந்ததைக் கடலில் கொட்டிவிட்டுப் பறந்துபோயிற்று.

ராஜா ஜன்னலிலிருந்து பார்த்தான். திரையைப் போட்டுக்கொண்டான். ஆறு மாதம் கழித்து வேறு தேசத்திலிருந்து மூன்றாவதாக ஒருத்தியைக் கொண்டுவந்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இந்தக் கதையில் இல்லை.

செண்பகமாலை பல்லக்கு வேண்டாமென்று சொல்லி உப்பளத்து மாளிகைக்கு நடந்தே போனாள். "நீயும் வா, ஆராயி. உன்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறேன்" என்று கூப்பிட்டாள். ஆராயி போகவில்லை. சந்தைப் பெண்கள் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்தபடி மீனைத் தரம் பிரிக்கிற வேலை. தினமும் ஒரு பங்கு மீனும் கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் யாரும் அவளோடு பேசவில்லை. ஆனால் மீன் ஒருநாளும் குறையவில்லை. இரண்டாம் வருஷம் அன்னக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெற்றிலை இருக்கிறதா?" என்று கேட்டாள். அப்புறம் மற்றவர்களும் பேசினார்கள்.

தவமணி வளர்ந்தாள். பதினான்கு வயதில் ஒருநாள், அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, என்னிடமிருந்துதான் வருகிறது என்று உனக்கு எப்போது தெரியும்?"

பறவை சொன்ன அன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். அதை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

"உன் கையைக் காட்டினாயே, அன்றைக்கே தெரியும்" என்றாள் ஆராயி. "அதற்குப் பிறகும் மூன்று நாள் குடித்தேன்."

தவமணியின் கை நின்றது. "மூன்று நாள்" என்றாள். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். கதவைச் சாத்தாமல் வெளியே போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பாக்கியிருந்த இன்னொரு முட்டிக்குத் தேய்த்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் தேவலை என்று ஆராயி சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மந்திரவாதி ஒழிந்தான், மந்திரம் உடைந்தது, பிள்ளை பிழைத்தாள். சொன்ன வாய் ஓய்ந்தது. கேட்ட காது இனித் தூங்கப் போகலாம்.