கேரியரில் ஏறிய ‘ஏன்’

நாகர்கோவிலில் எப்சிபா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் நாக்கில் ஒரு பதில் குடியிருந்தது. சைக்கிள் பற்றிய இங்கிலீஷ் பதில். ‘ஆமாம், ஓட்டுவேன்’ என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

அயர்லாந்தில் வேலைக்குப் போவதற்காக எப்சிபா இங்கிலீஷ் பேச்சுத் தேர்வுக்குப் போனாள். “நீங்கள் சைக்கிள் ஓட்டுவதுண்டா?” என்று தேர்வு நடத்திய அம்மாள் கேட்டார். பதில் வெளியே வந்தது. வந்து நின்றது. இன்னும் ஏதாவது வருமா என்று அம்மாள் காத்திருந்தார். பதிலும் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாருமில்லை.

அந்த முறை எப்சிபாவுக்கு மதிப்பெண் போதவில்லை.

“எல்லாம் என்னால்தான்,” என்று பதில் குன்றிப்போனது. “நான் ரொம்பச் சின்னதாக இருக்கிறேன்.”

எப்சிபா அதை ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே பெரிய பெரிய சொற்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. பதிலைக் கண்டதும் சுற்றுச்சூழல் எழுந்து வந்து, சைக்கிள் கேரியரில் ஏறுவதுபோல் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. அதன் பின்னால் உடல்நலமும் போக்குவரத்து நெரிசலும் ஏறின.

“உங்களுக்கு எப்சிபாவைத் தெரியுமா?” என்று பதில் மூச்சுத் திணறக் கேட்டது.

“எதற்குத் தெரிய வேண்டும்?” என்றது சுற்றுச்சூழல். “நேற்று பஸ்ஸைப் பற்றிய பதிலில் போனோம். நாளை மரம் நடுவதைப் பற்றிய பதிலில் போவோம். நீ பேசாமல் எங்களைச் சுமந்துகொண்டு போ.”

“இப்பதான் பதில் மாதிரி இருக்கு,” என்று வகுப்பு சார் பாராட்டினார். எப்சிபாவுக்குச் சந்தோஷம். பதிலுக்குத்தான் முதுகு வலித்தது.

மறுநாள் டூட்டி அறையில் டீ குடிக்கும்போது, கூட வேலை பார்க்கும் ராஜகனியிடம் எப்சிபா அதை ஒப்பித்துக் காட்டினாள். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. ராஜகனி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நீங்க சுற்றுச்சூழலுக்காகவா சைக்கிள் படிச்சீங்க? உண்மையிலயே ஏன் படிச்சீங்க?”

அந்தக் கேள்வியிலிருந்து ‘ஏன்’ குதித்து இறங்கியது. ஒல்லியாக, துறுதுறுவென்று இருந்தது. அதைக் கண்டதும் பெரிய சொற்களுக்குக் கைகால் ஓடவில்லை. “இது வந்தால் நாங்கள் இருக்கமாட்டோம்,” என்று நெரிசல் முதலில் நழுவியது. மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

காலியான கேரியரில் ‘ஏன்’ ஏறி உட்கார்ந்தது.

“எனக்கும் உன்னைக் கண்டால் பயம்தான்,” என்றது பதில்.

“அவை இரவல் வந்தவை, பயப்படும். நீ இவளுடையது. உனக்கென்ன? சொல்லு, ஏன் படித்தாள்?”

பதில் யோசித்தது. பிறகு மெதுவாக நகர்ந்தது. “டூட்டி முடிந்ததும் புருஷன் ஜாஸ்பர் வந்து பைக்கில் கூட்டிப்போவார். அவர் கடையை அடைத்துவிட்டு வரும்வரை இவள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். பாவம் என்று வாட்ச்மேன் நாற்காலி போடுவார். அதில் உட்காரவே இவளுக்குப் பிடிக்காது.”

“ஏன்?”

“யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி இருக்குமாம்.”

பதில் இதுவரை இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. ‘ஏன்’ இறங்குவதாகவும் இல்லை. சர்ச் மைதானத்தில் சைக்கிள் பழகியது, விழுந்து முழங்கை சிராய்த்தது, முதன்முதலாகத் தானே ஓட்டி வீடு திரும்பிய மாலையில் வாங்க ஒன்றுமில்லாமலே பழக்கடை முன் நின்றது, எல்லாம் வந்தது.

“இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல முடியுமா?” என்று பதில் தயங்கியது.

“நின்றாள், விழுந்தாள், வீட்டுக்குப் போனாள். இதில் உனக்குத் தெரியாத இங்கிலீஷ் எது?”

எப்சிபா தட்டுத்தடுமாறி ராஜகனியிடம் இங்கிலீஷில் சொன்னாள். விழுந்த இடத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்தது. ராஜகனி திருத்தினாள். மறுபடி சொன்னாள். தினமும் டீ ஆறும்வரை சொன்னாள்.

அடுத்த தேர்வில் வேறு ஒருவர் இருந்தார். “உங்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் சைக்கிள் ஓட்ட வேண்டுமா?” என்று கேட்டார். இது எப்சிபா பழகிய கேள்வி இல்லை. சுற்றுச்சூழல் வாசலில் நின்று, “நான் வரவா?” என்று கையசைத்தது. பதில் அதைக் கடந்து போனது.

“பெண்கள் ஓட்ட வேண்டும்,” என்றாள் எப்சிபா. “எங்கள் ஊரில் பெண்கள் நிறையக் காத்திருக்கிறார்கள்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன்?” என்றார்.

நடுவில் ஒரு வாக்கியம் சறுக்கியது. எப்சிபா நிறுத்தி, சரியாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். நேரம் முடிந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த முறை மதிப்பெண் வந்தது. அன்று இரவு ஜாஸ்பர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, “எப்சி, அப்படி என்னத்த கேட்டாங்க?” என்றார்.

எப்சிபா தமிழில் சொன்னாள். வாட்ச்மேன் நாற்காலியையும் அந்தப் பையையும் விடாமல் சொன்னாள்.

ஜாஸ்பரின் கை தட்டிலேயே நின்றது. “நீ உடம்பு குறைக்கத்தான் சைக்கிள் படிச்சேன்னு நெனச்சேன். எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியேன்.” தட்டைத் தள்ளி வைத்தார். “இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீங்க இப்பதானே கேக்கீங்க,” என்றாள் எப்சிபா.