அடுக்களைக்கு ஓர் ஊஃபர்

பாளையங்கோட்டையில், கனத்த ஒலியைத் தரும் ஊஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்கிற எபனேசருக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் தொழில் பழக வந்த சங்கரநயினாருக்கு ஐம்பத்தேழு. மூத்தவர் இளையவரை மாஸ்டர் என்பார். இளையவர் மூத்தவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

முதல் நாளே எபனேசர் ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெட்டி செய்து முடித்ததும் அதன் தலையில் ஒரு ரூபாய்க் காசை நட்டமாக நிறுத்த வேண்டும். பாட்டை ஓடவிட வேண்டும். காசு விழுந்தால் பெட்டியைப் பிரித்துவிட வேண்டும்.

"ஊஃபர் நடுவுல இருக்க காயிதக் கோன்தான் ஆடணும் அண்ணாச்சி. பெட்டி ஆடக் கூடாது. அதுவும் சேந்து ஆடுனா பாட்டு கேக்காது, பலகைதான் கேக்கும்."

ஏழு மாதத்தில் சங்கரநயினார் பதினொரு பெட்டி செய்தார். கடைசி நான்கில் காசு அசையாமல் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வீட்டில் தானே செய்த பெட்டி ஒன்றை அவர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். எபனேசர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். காலி டப்பா போலச் சத்தம் வந்தது.

"என்ன பலகை இது?"

"ஆறு எம்எம் பிளைவுட்."

"உள்ள குறுக்குச் சட்டம்?"

"வைக்கல."

"ஊஃபர் பதினஞ்சு இஞ்சா? பீரோ அளவுக்குப் பெட்டி கேக்குமே இது! அரிசி டின்னுக்குள்ள யானையை அடைச்சிக் கொண்டாந்திருக்கிய."

வயரை மாட்டி, காசை நிறுத்தி, பாட்டைப் போட்டார். முதல் அடியிலேயே காசு துள்ளி விழுந்து மேஜைக்கடியில் உருண்டது.

"ஏழு மாசம் பழகுன கை செஞ்ச பெட்டியா இது? தயவுசெஞ்சு எங்க பழகுனேன்னு வெளிய சொல்லிராதிய."

சங்கரநயினார் சிரிக்கவில்லை.

"ஆடணும்னுதான் செஞ்சேன் மாஸ்டர்."

எபனேசர் பாட்டை நிறுத்தினார்.

"வீட்டுல எம் பொஞ்சாதி கோமுவுக்கு ரெண்டு வருசமாக் காது சுத்தமாக் கேக்காது. காய்ச்சல்ல போயிட்டு. அவ ஏதாச்சும் பேசிக்கிட்டு இருப்பா, நான் தலையை மட்டும் ஆட்டுவேன். போன மாசம் சப்பரம் எங்க தெரு வழியாப் போச்சு. அடுக்களைச் சுவத்துல கை வச்சிருந்தா. 'மேளம் போகுது'ன்னு சொன்னா. அன்னைக்குத்தான் முகம் தெளிஞ்சுது. அதான்… அவ கை வச்சா பெட்டி பூராவும் ஆடணும்னு நினைச்சேன்."

எபனேசர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சங்கரநயினார் உட்கார்ந்தார். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

அவர் ரயில்வே தபாலில் இருபத்தாறு வருடம் ராத்திரி வேலை பார்த்தவர். பகலெல்லாம் தூக்கம். கோமு சமைக்கும்போது ரேடியோ போடுவாள். கட்டிலில் கிடந்தபடியே அவர் கத்துவார், "ஏட்டி, அதை அணை!" முதலில் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு காய் நறுக்கினாள். அப்புறம் போடுவதையே விட்டுவிட்டாள். விருப்ப ஓய்வு வாங்கி வந்த அன்று அவரே போய் ரேடியோவைத் துடைத்து அவள் பக்கத்தில் வைத்தார். இனி எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வை என்றார். காய்ச்சல் அந்த மாதமே வந்தது.

எபனேசர் பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

"காதுல வைங்க."

பலகை அறுக்கும்போது மாட்டுகிற காதுமூடியை அதற்கு மேல் மாட்டிவிட்டார். கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டி, அவர் கையைப் பிடித்து மெல்லிய பெட்டியின் மேல் வைத்தார். கை அதிர்ந்தது. தோள் வரைக்கும் ஏறியது. நீண்ட நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

எபனேசர் காதுமூடியைத் தூக்கினார்.

"எத்தனை பாட்டு போட்டேன்?"

"ஒண்ணு."

"மூணு."

மறுபடியும் மூடினார். இந்த முறை அலமாரியிலிருந்து தன்னுடைய பெட்டி ஒன்றை இறக்கினார். கனத்த பலகை, எட்டு இஞ்ச் ஊஃபர், முன்பக்கம் காற்று வர ஒரு குழாய். சங்கரநயினாரின் உள்ளங்கையை அந்தக் குழாய்க்கு நேராகப் பிடித்தார்.

உள்ளங்கையில் காற்று வந்து முட்டியது. நின்றது. சின்னதாக இரண்டு முறை, பெரிதாக ஒரு முறை. யாரோ கைக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடுவது போலிருந்தது. பிறகு அது மாறியது. மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது.

அவர் தானாகவே காதுமூடியைக் கழற்றினார்.

"ரெண்டு பாட்டு. முதல்ல தவில். ரெண்டாவது தாலாட்டு மாதிரி எதுவோ."

"பெட்டி ஆடுச்சா?"

"ஆடல."

மறுபடியும் உள்ளங்கையைக் குழாய்க்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"இது போதும் மாஸ்டர். இதையே செஞ்சிருவோம்."

எபனேசர் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அடுக்களை என்ன அளவு?"

"எட்டுக்குப் பத்து."

"அப்ப எட்டு இஞ்சே தாராளம். அந்தப் பதினஞ்சை எவனாவது கல்யாண மண்டபத்துக்காரன் தலையில கட்டிருவோம். குழாய் நீளந்தான் பாத்து வெட்டணும். தவிலுக்கு ஒரு அளவு, தபேலாவுக்கு ஒரு அளவு. அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க, அதைப் போட்டே வெட்டிருவோம்."

சங்கரநயினார் யோசித்தார். ரேடியோ நினைவுக்கு வந்தது. அதற்கு அவள் தைத்துப் போட்ட பூப்போட்ட உறை, எண்ணெய்ப் பிசுக்கேறிய திருகு, அது இருந்த மாடம், எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறை கத்தும்போதும் அதில் ஏதோ ஒரு பாட்டு பாதியில் இருந்திருக்கும். எந்தப் பாட்டு? அவர் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. பாட்டு வரவில்லை.

"தெரியல மாஸ்டர்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"சரி, வீட்டுக்குப் போயி விசாரிச்சிட்டு வாங்க."

"எப்படி மாஸ்டர்? அவளுக்குத்தான் காது கேக்காதே."

எபனேசர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குக் கேக்கும்லா அண்ணாச்சி?"