முதல் வகுப்பில் தேறிய இருவாச்சி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரத்தின் பொந்தில், பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை தன் குஞ்சுடன் அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். மரநாய்க்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு. உள்ளே இருக்கும்போது தாயின் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை தாயும் குஞ்சும் ஆண் பறவை கொண்டுவரும் தீனியை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும்.

பொன்னலகியின் கணவன் நெடுஞ்சிறகன் நாளுக்கு அறுபது அத்திப்பழம் கொண்டுவந்து பிளவு வழியாக ஊட்டுவான். இடையில் ஒரு வண்டு, ஓர் ஓணான். குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் காட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். எடுத்த பாடம், குடும்ப நிதித் திட்டமிடல்!

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவன் முப்பது பழம்தான் கொடுத்தான்.

"என்னங்க, அத்திமரம் காய்ப்பதை நிறுத்திவிட்டதா?" என்று கேட்டாள் பொன்னலகி.

"இல்லை பொன்னி! வருமானம் அறுபதுதான். பாதி செலவு, பாதி சேமிப்பு! மிச்சத்தைக் கீழே பாறை இடுக்கில் எதிர்கால நிதியாக வைத்திருக்கிறேன்."

"ஓணான்?"

"அது ஆசை. பழம்தான் தேவை. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல்தான் குடும்பங்கள் நாசமாகின்றன என்று பேராசிரியை சொன்னார்."

"இறைச்சி தின்றால்தானே குஞ்சுக்கு எலும்பு முற்றும்? அதை எந்தப் பக்கத்தில் எழுதினாராம் உங்கள் பேராசிரியை?"

"இதெல்லாம் படித்தால்தான் புரியும், விடு!"

அடுத்த வாரம் முப்பது இருபதானது. நெடுஞ்சிறகன் கட்டம் போட்டுக் கணக்கு எழுதிய ஒரு தேக்கிலையை விரித்துப் பெருமையோடு வாசித்தான். "குடும்ப உறுப்பினர் மூவர். உழைப்பவர் ஒருவர். சும்மா இருப்பவர் இருவர்."

"சும்மாவா! இந்த இருட்டில் இறகெல்லாம் உதிர்ந்து, கால் மரத்துப்போக அடைகாத்தேனே, அது என்ன?"

நெடுஞ்சிறகன் இலையை மேலும் கீழும் பார்த்தான். "அதற்குக் கட்டம் போடவில்லையே, பொன்னி!" என்றான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

பொன்னலகி தன் பங்கையும் குஞ்சுக்கே ஊட்டினாள். போதவில்லை. பசியில் கத்திக்கொண்டிருந்த குஞ்சு, ஒருநாள் கத்துவதையும் நிறுத்தியது. தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. பொன்னலகி வாசலை அடைத்திருந்த மண்சுவரைப் பார்த்தாள். சுவரை உடைக்கலாம். ஆனால் இறகுகள் பாதிதான் முளைத்திருந்தன. பறக்க முடியாமல் விழுந்தால் கீழே மரநாய். அப்புறம் குஞ்சுக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று காலை நெடுஞ்சிறகனுக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியை குயிலம்மை மரத்துக்கே வந்துவிட்டார். அவருடைய ஏடுகளைச் சுமந்துகொண்டு எழுத்தர் காகமும் வந்தாள்.

"அபாரம்!" என்றார் குயிலம்மை. "ஒரே மாதத்தில் வீட்டுச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது! எழுதிக்கொள் காகமே, நெடுஞ்சிறகனுக்கு முதல் வகுப்பு!"

நெடுஞ்சிறகன் கழுத்தை நீட்டி நிமிர்ந்தான்.

பிளவு வழியாக ஓர் அலகு வெளியே வந்தது. "அம்மா, உங்கள் வீட்டில் எவ்வளவு செலவாகிறது?"

"நல்ல கேள்வி! பன்னிரண்டு குஞ்சுகளை ஆளாக்கியிருக்கிறேன். ஒரு புழுகூடச் செலவில்லை! அந்த ஆராய்ச்சிக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்தார்கள்."

"பன்னிரண்டுக்கும் தீனி ஊட்டியது யார்?"

குயிலம்மை தொண்டையைச் செருமினார். "அது பாடத்திட்டத்தில் இல்லை."

எழுத்தர் காகம் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். "என் கூட்டில் ஒன்று மற்றதையெல்லாம்விட இரண்டு மடங்கு தின்கிறது. உடம்பில் புள்ளி வேறு விழுந்திருக்கிறது. அம்மா, போன மாதம் நீங்கள் என் கூட்டுக்கு எதற்கு வந்தீர்கள்?"

"கள ஆய்வுக்கு!" என்றார் குயிலம்மை. சொல்லிக்கொண்டே அடுத்த கிளைக்கு நகர்ந்தார். காகம் ஏடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு அவரைத் துரத்தினாள்.

பொன்னலகி அதற்குமேல் பொறுக்கவில்லை. டொக்! டொக்! சுவர் பெயர்ந்து விழுந்தது. எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள்.

அவள் பறக்கவில்லை. கிளைக்குக் கிளை தட்டுத்தடுமாறித் தாவி, பாறை இடுக்கை அடைந்தாள். எதிர்கால நிதி முழுவதும் அழுகி நாறியது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கவனமாகப் பொறுக்கி அலகில் எடுத்துக்கொண்டாள். அந்த நிதி கொடுத்த ஒரே வட்டி அதுதான்!

மரநாய் மோப்பம் பிடிப்பதற்குள் மேலே ஏறிவிட்டாள். குஞ்சு முதல் புழுவை மெதுவாக விழுங்கியது. இரண்டாவதற்கு வாயைத் திறந்தது.

பொன்னலகி உடைந்த வாசலை மறித்துக் காவலாக உட்கார்ந்தாள். "நான் இங்கிருந்து நகர முடியாது. பழம் கொண்டு வாங்க. வண்டும் ஓணானும் வேண்டும். எண்ண வேண்டாம், கொண்டு வாங்க!"

நெடுஞ்சிறகன் தேக்கிலையைக் கீழே போட்டுவிட்டுப் பறந்தான். அன்று அவன் எத்தனை முறை போய் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் குஞ்சு தலையைத் தூக்கி, காடே அதிரும்படி கத்தியது. அதைக் கேட்டதும் களைத்துப்போன அந்த முதல் வகுப்பு மாணவன் மறுபடியும் அத்திமரத்துக்குப் பறந்தான்.

காகத்திடம் கொத்து வாங்கிய குயிலம்மை அடுத்த காட்டுக்குப் பறந்தார். அங்கே அவரைத் துணைவேந்தர் ஆக்கினார்கள்.

வீட்டில் இருப்பவர்களின் வயிற்றைக் காயப்போட்டுக் குறைத்த செலவு ஒருநாளும் சேமிப்பு ஆகாது.