மூடி போட்டு எடுத்த படம்

காலமெல்லாம் மாவு மில் ஓட்டிய சுயம்புலிங்கம் அறுபது தாண்டியதும் கேமரா படிக்க வந்தார். தூத்துக்குடியில் அதைச் சொல்லிக்கொடுத்த ஜெனோவாவுக்கு அவருடைய கடைசி மகள் வயதுதான். ஆனாலும் அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார், ‘டீச்சர்’ என்பார். கூடப் படித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனுஷன் கண்டுகொள்ளவே இல்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம். இருட்டில் எடுத்த படத்திலிருந்து புள்ளிகளை எப்படி நீக்குவது?

அந்தப் படம் அவர் மனைவி சந்தனமாரியுடையது. நோயில் விழுந்து, பேச்சு நின்று, யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் பழையபடி தெரியவே, மகன் வாங்கித் தந்த கேமராவை எடுத்து வந்து ஒரு படம் எடுத்தார். மறுநாள் அவள் இல்லை. படம் முழுக்க ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். பாதி திறந்த இடது கண்ணில் மட்டும் பளிச்சென்று ஒரு சின்ன வெளிச்சம்.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

“கடைசியில என்னைப் பார்த்துட்டுத்தான் போயிருக்கா, டீச்சர். கண்ணுல வெளிச்சம் தெரியுது பாருங்க. அது மட்டும் போயிரக் கூடாது. மத்த புள்ளியை எல்லாம் சலிச்சு எடுத்துரலாம்லா?”

“சலிச்சா மாவும் கொஞ்சம் சேர்ந்து போகும், அண்ணாச்சி.”

“மெதுவாச் சலிப்போம்.”

ஜெனோவா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “முதல்ல கேமராவைப் பிடிக்கப் பழகுங்க” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அவரும் பழகினார். துறைமுகத்தை எடுத்தார், பொழுது சாய்ந்தபின் உப்பளத்தை எடுத்தார். அவள் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பாள், நன்றாயிருக்கிறது என்பாள். புள்ளிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் அடுத்த வாரம் என்பாள். அடுத்த வாரமும் அதையே சொல்வாள்.

சந்தனமாரி போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அன்றைக்குப் படத்தைப் பெரிசாக்கி மாட்டவேண்டும் என்பது அவர் ஆசை. அப்போதுதான் ஒரு மாணவி, “மூடி போட்டு எடுக்குற பாடம் உங்களுக்கு முடிஞ்சுதா, தாத்தா?” என்று கேட்டாள்.

அவர் நேரே ஜெனோவாவிடம் வந்தார்.

“எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல? கெழவனுக்குப் புரியாதுன்னா?”

“புரிஞ்சிரும்னுதான், அண்ணாச்சி.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றார். ஜெனோவாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“லென்ஸ்ல மூடியைப் போடுங்க. ஒரு படம் எடுங்க.”

“மூடி போட்டா என்ன தெரியும்?”

“எடுங்க.”

எடுத்தார். கன்னங்கரேலென்று இருக்கவேண்டிய படத்திலும் ரவை ரவையாகப் புள்ளிகள்.

“மூடிதான் போட்டிருக்கே. இது எங்கேருந்து வந்துச்சு?”

“உள்ளயே இருக்குறதுதான். இருட்டுல கேமரா தன்னையும் சேர்த்து எடுத்துக்கும்.”

அவர் குனிந்து பார்த்தார். எல்லாப் புள்ளிக்கும் நடுவே ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. உப்பளத்தின் படத்தைத் திறந்தார். வானத்தில், அதே இடத்தில், அதே வெளிச்சம். நட்சத்திரம் என்று நினைத்திருந்தார்.

“மதினியோட முழுப் படம் இருக்கா?” என்று மெல்லக் கேட்டாள் ஜெனோவா.

“இருக்கு. ஓரம் ஆடிப்போச்சு. அதான் வெட்டிட்டேன்.”

அதைத் திறந்து பக்கத்தில் வைத்தார். மூடி போட்ட படத்தில் வெளிச்சம் எங்கே இருந்ததோ, அங்கேதான் சந்தனமாரியின் கண் இருந்தது.

“கேமராவுக்குள்ள அந்த ஒரு புள்ளி கெட்டுப்போச்சு, அண்ணாச்சி. எதை எடுத்தாலும் அங்க மின்னும்.”

“அப்ப அவ என்னைப் பார்க்கல.”

ஒரு வருஷமாக ஒரு மனுஷன் பிடித்துக்கொண்டு நின்ற கொம்பை ஒடித்துவிட்டோமே என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் படத்தைப் பார்த்தாள். முழுப் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“கேமரா உங்க கையிலயா இருந்துச்சு?”

“ஸ்டூல்ல வச்சேன். கொஞ்சம் கழிச்சு எடுக்குற மாதிரி டைமரை வச்சுட்டுக் கட்டில்ல போயி உக்காந்தேன். அவ கையை எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“படம் பதிய எவ்வளவு நேரம் ஆச்சு?”

“வெளிச்சம் இல்லல்லா? பத்துப் பதினஞ்சு செகண்டு இருக்கும்.”

அவள் படத்தின் கீழ் மூலையைப் பெரிதாக்கினாள். வேட்டி மேல் ஒரு கை. அதன் விரல்கள் புகையாய்க் கலைந்திருந்தன.

“அந்த மூலைதான் டீச்சர், வீணாப் போச்சு.”

“மதினி வளையல் தெரியுதா?”

“தெரியுது. கீறல்கூடத் தெரியுது.”

“உங்க வேட்டிக் கரை?”

“தெரியுது.”

“கேமரா ஆடியிருந்தா எல்லாமே ஆடியிருக்கும், அண்ணாச்சி. கட்டில் ஆடல. வளையல் ஆடல. உங்க வேட்டியும் ஆடல. விரல் மட்டும்தான் அசைஞ்சிருக்கு.”

சுயம்புலிங்கம் படத்துக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். வேட்டியை அந்த விரல்கள் தடவிப் போயிருந்தன, வந்திருந்தன. கண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

“எனக்குத் தெரியலையே, டீச்சர். நான் கேமராவைல்லா பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“அதான் அது பார்த்து வச்சிருக்கே. வெட்டாதீங்க, அண்ணாச்சி.”