தைத்த நெற்றி

மருதமரங்கள் சூழ்ந்த ஒரு குளக்கரையில் நாற்பது குரங்குகள் கூட்டமாக வாழ்ந்தன. கரையை ஒட்டி ஒரு பக்கம் நாணல் புதர் மண்டிக் கிடந்தது. அந்தப் புதரில் ஒரு சிறுத்தை அவ்வப்போது வந்து பதுங்கும்.

முன்பு ஒரு கோடையில், காவலிருந்த குரங்கு சிறுத்தையைப் பார்த்ததும் கத்திவிட்டது. ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாம் சிதறி ஓடின. மூன்று குரங்குகள் நேராகப் புதருக்குள்ளேயே ஓடின. அன்றிலிருந்து காவலுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. காவலிருப்பவர் குளத்தின்மேல் சாய்ந்த கிளையில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கீழே தண்ணீர் குடிப்பவர்கள் இரண்டு மடக்குக்கு ஒருமுறை தலைதூக்கி அந்த முகத்தைப் பார்ப்பார்கள். நெற்றி சுருங்காமல் இருந்தால் குடிக்கலாம். சுருங்கினால், சத்தமில்லாமல் பின்வாங்கி மரமேற வேண்டும். வளர்ந்த குரங்குகள் எல்லாருக்கும் முறை உண்டு.

சிமிழி என்ற மந்திக்கு ஏழு வயது. குரங்குக் கணக்கில் நல்ல இளமை. ஒருநாள் காலை, குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரில் தெரிந்த நெற்றியில் ஒரு கோடு இருந்தது. கையால் தேய்த்தாள். போகவில்லை. தண்ணீர்தான் அசைகிறதோ என்று காத்திருந்தாள். தண்ணீர் அடங்கியது. கோடு அடங்கவில்லை.

"என்னடி, தண்ணிக்குள்ள பேயைக் கண்ட மாதிரி நிக்கிறே?" என்று கேட்டாள் அவள் தோழி தூவி.

"இங்க பாரு. கோடு."

தூவி கிட்ட வந்து பார்த்தாள். பிறகு தன் நெற்றியையும் குளத்தில் பார்த்தாள். "எனக்கு ரெண்டு இருக்குடி" என்றாள்.

பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த மொட்டைவாலன் சிரித்தான். கூட்டத்திலேயே மூத்த கடுவன் அவன். "ரெண்டுக்கே இந்தப் பாடா? என் நெத்தியப் பாருங்க. நண்டு நடந்த சேறு மாதிரி இருக்கும்."

"உங்களுக்கு என்ன மாமா, உங்கள யாரு பார்க்கப் போறா?" என்றாள் தூவி.

"அதுவும் சரிதான்" என்று அவன் மறுபடி குனிந்தான்.

அந்தக் கரையில் ஊசிமூக்கன் என்றொரு தையல்சிட்டு இருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது அதன் தொழில். சில நாட்களாக அது முகங்களையும் தைப்பதாகப் பேச்சு. இருவரும் தேடிப் போனார்கள்.

ஊசிமூக்கன் சிமிழியின் தோளில் உட்கார்ந்து அவள் நெற்றியை இப்படியும் அப்படியும் பார்த்தது. "காதுக்குப் பின்னால தோலை இழுத்து, சிலந்தி நூலும் நாரும் சேர்த்து நாலு தையல். மயிர் மூடிக்கும். தெரியவே தெரியாது. கூலியா வால் மயிர் ஒரு பிடி குடுத்தாப் போதும், கூட்டுக்கு மெத்தைக்கு."

"எனக்கு ஏழு வயசுதானே ஆகுது? இப்பவே வேணுமா?" என்று கேட்டாள் சிமிழி.

"இப்பத்தான் வேணும் தாயி. முகம் முழுக்கத் தொங்கினப்புறம் வந்தா இழுக்க நிறைய இருக்கும். நேத்து கிழவி, இன்னைக்குக் குமரின்னு ஊரே சிரிக்கும். இப்ப செஞ்சுக்கிட்டா, 'அவ எப்பவுமே இப்படித்தான் இருந்தா'ன்னு நினைச்சுக்குவாங்க. முகத்துக்கு வயசாகவே தெரியாது."

சிமிழிக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் கால் பின்வாங்கியது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"நீ யோசி. யோசிச்சா நெத்தி இன்னும் சுருங்கும்" என்றாள் தூவி. "தையல்காரரே, எனக்கு ஆரம்பிங்க."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று தூவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். சிமிழியும் உடனே சத்தியம் செய்தாள். நாளைக்குத் தனக்கும் அந்த ரகசியம் வேண்டியிருக்குமே.

மூன்று நாள் இலை மறைவில் இருந்துவிட்டுத் தூவி வெளியே வந்தபோது சிமிழி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அந்த நெற்றி அப்போதுதான் விரிந்த தளிர் போலிருந்தது. இளம் கடுவன்கள் பழுத்த அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தன. சிமிழிக்கு ஒரு சொத்தைப் பழம்கூட வரவில்லை.

அன்று மதியம் சிமிழி ஒரு வேடிக்கை சொன்னாள். தூவி அசையாமல் அவளைப் பார்த்தாள்.

"ஏண்டி, கோபமா?"

"கோபமா? வயிறு வலிக்கச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

"மூஞ்சியில தெரியலையே."

"புதுத் தையல். போகப் போக இளகிடும்னு நினைக்கிறேன்."

சிமிழிக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அதைத் தள்ளிவிட்டு ஊசிமூக்கனிடம் போய், "நாளை மறுநாள் எனக்கு" என்று நாள் குறித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காவல் முறை தூவிக்கு வந்தது.

தூவி சாய்ந்த கிளையில் ஏறுவதைச் சிமிழி கீழேயிருந்து பார்த்தாள். 'இவள் நெற்றி சுருங்குமா?' என்ற கேள்வி அவள் மனசில் வந்தது. தெளிவாகவே வந்தது. வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும். தூவியின் ரகசியம் போனால் நாளைக்குத் தன் நெற்றியையும் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். 'சுருங்கும், சுருங்கும். தினமுமா சிறுத்தை வருகிறது?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குட்டியோடு தண்ணீரில் குனிந்தாள். அவளுக்கும் நாணலுக்கும் நடுவில் மொட்டைவாலன் குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மடக்கு. தலைதூக்கிப் பார்த்தாள். தூவியின் முகம் தெளிவாக இருந்தது.

இன்னும் இரண்டு மடக்கு. மொட்டைவாலனும் நிமிர்ந்து பார்த்தான். "இந்தப் பொண்ணு காவலிருந்தா நிம்மதியாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்தான்.

மூன்றாவது முறை சிமிழி பார்த்தபோது தூவியின் கை கிளையை இறுக்கிப் பிடித்திருந்தது. முகம் மட்டும் அதே தெளிவோடு இருந்தது. கையைப் பார்ப்பதா, முகத்தைப் பார்ப்பதா? இத்தனை வருஷமும் முகத்தைத்தானே பார்த்துப் பழக்கம். சிமிழி முகத்தை நம்பினாள்.

நாணல் பிளந்தது. தூவி கடைசியில் வீறிட்டுக் கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. குட்டியை அள்ளிக்கொண்டு மரத்தில் பாய்ந்த சிமிழி திரும்பிப் பார்த்தாள். மொட்டைவாலன் இருந்த இடத்தில் தண்ணீர் கலங்கிச் சிவந்து கிடந்தது. நாணல் அசைந்து, நின்றது.

 பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தூவியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தூங்கிட்டியா?"

"நான் காட்டினேன்!" என்றாள் தூவி. "மூணு தடவை காட்டினேன். என்னால முடிஞ்ச மட்டும் நெத்தியைச் சுருக்கினேன். நீங்க யாருமே ஏறலையே!"

"பொய். நாங்க எல்லாரும் பார்த்தோம். ஒண்ணுமே காட்டல."

"அவ மூஞ்சியப் பாருங்க" என்றது ஒரு கடுவன். நேற்று அத்திப்பழம் கொண்டுவந்ததும் அதுதான். "ஒரு உயிரு போயிருக்கு. இவளுக்குத் துளி வருத்தம் இருக்கா பாருங்க. விடிகாலைக் குளம் மாதிரி உக்கார்ந்திருக்கா. இவ நமக்கு வேண்டாம். துரத்துங்க."

சிமிழி தூவியைப் பார்த்தாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. முகம் மட்டும் யாருடையதோ போல் அமைதியாக இருந்தது. காதுகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கோடாக ரத்தம் இறங்கிக் கழுத்து மயிரை நனைத்திருந்தது. சுருக்கிச் சுருக்கித் தையல் தோலை அறுத்திருக்கிறது. ஆனாலும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போது மேலே இலை அசைந்தது. ஊசிமூக்கன் சிமிழியின் காதருகில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டது: "நாளைக்கு வர்றேதானே?"

"அவ மூஞ்சி அசையலை. ஒரு சாவே விழுந்திருக்கு" என்றாள் சிமிழி.

"அசையக் கூடாதுன்னுதானே தாயி தைக்கிறது? அசையற இடத்துலதான் கோடு விழும். என் தையல்ல குறை இல்லை."

 அது உண்மையைத்தான் சொன்னது. தைத்த முகம் அசையுமா என்று சிமிழிதான் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவள் கூட்டத்தின் நடுவில் இறங்கினாள்.

"அவ காட்டினா. முகம்தான் காட்டலை" என்றாள். "அந்த நெத்தி தைச்சது. எனக்குத் தெரியும். காலையில அவ கிளையில ஏறும்போதே எனக்குத் தோணுச்சு. நாளைக்கு நானும் தைச்சுக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். துரத்தறதா இருந்தா ரெண்டு பேரையும் துரத்துங்க."

 சிமிழி தூவியின் பின்னால் உட்கார்ந்தாள். மயிரை விலக்கி, தையலைப் பல்லில் பிடித்து ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தாள். நாலாவது அறுந்ததும் தூவியின் முகம் இறங்கியது. நெற்றி நடுங்கியது. மடிந்தது. கண்களைச் சுற்றி, வாயைச் சுற்றித் தோல் சுருங்கியது. அரை நாழிகையாக உள்ளேயே கிடந்த அழுகை மொத்தமும் அந்த முகத்தில் வந்து நின்றது.

அதைப் பார்த்ததும் கூட்டம் திடுக்கிட்டுப் பின்வாங்கியது. "துரத்துங்க" என்று சொன்ன கடுவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. யாரும் யாரையும் துரத்தவில்லை. மொட்டைவாலனும் திரும்பி வரவில்லை.

மறுநாள் காவல் முறை சிமிழிக்கு. கிளையில் ஏறுமுன் குளத்தில் முகம் பார்த்தாள். ஒரு கோடு இருந்த இடத்தில் மூன்று இருந்தன. அழகாக இல்லை. அழகாக இருக்கிறது என்று தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. ஏறி உட்கார்ந்தாள். கீழே அவள் குட்டி, தூவியின் பக்கத்தில் இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தலைதூக்கி அவளையே பார்த்தது.

நாணல் லேசாக ஆடியது. காற்றாகவும் இருக்கலாம். சிமிழி நெற்றியைச் சுருக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் கரையில் ஒருவரும் இல்லை.

ஊர் மெச்ச முகத்தை மாற்றிக்கொள்ள நினைப்பவர், அந்த முகத்தைப் பார்த்து உயிர் வாழ்கிறவர்கள் யார் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.