கணினி ஒன்றாக்கிய மாடத்திகள்

"என் ப்ரோகிராம்ல தப்பு இல்ல மேடம். விதியில என்ன இருக்கோ அதைத்தான் அது செஞ்சிருக்கு."

சீடர் பொன்னுரங்கம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஐம்பது தாண்டியவர். கிளார்க் வேலையிலிருந்து கணினிப் பக்கம் வந்து, தன்னைவிட வயதில் மிகச் சிறியவரான நிலோஃபரிடம் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். குரு சின்னவர் என்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தன் வேலையில் குறை என்று யாராவது சொன்னால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நிலோஃபர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. எஸ்டேட் பள்ளிக்கூட வராந்தாவில் உடல்களைக் கிடத்தியிருந்தார்கள்.

மலை சரிந்து தொழிலாளர்களின் லைன் வீடுகள் மண்ணுக்குள் போயிருந்தன. காணாமல் போனவர்களைப் பதிவு செய்ய இருவரும் அங்கே வந்திருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் கொடுக்கும் பெயரை ஐடியாக மாற்றுவது பொன்னுரங்கத்தின் ப்ரோகிராம். ஐடியில் புள்ளி கூடாது, இடைவெளி கூடாது, அடைப்புக்குறி கூடாது. அதனால் முன்னால் நிற்கும் இனிஷியலையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பட்டப்பெயரையும் அது வழித்தெறிந்துவிடும்.

ஒரே ஆளை அண்ணன் ஒரு தடவை, மாமன் ஒரு தடவை என்று பதிந்துவிடுகிறார்கள் அல்லவா? அதற்காக, ஒரே ஐடி வந்தால் ஒரே ஆள் என்று சேர்த்தும் விடும்.

பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தில் மனிதர் மயங்கித்தான் போயிருந்தார்.

அந்த லைனில் குடியிருந்தவர்கள் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள். தலைச்சன் பெண்ணாகப் பிறந்தால் குலதெய்வமான மாடத்தியின் பெயரைத்தான் வைப்பார்கள். வேறு பெயர் அவர்கள் வாயில் வராது.

சு. மாடத்தி (மேட்டு வீடு).

இ. மாடத்தி (தையல்).

இரண்டு பேரையும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ப்ரோகிராம் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது.

மேட்டு வீட்டுக்காரியின் உடல் முதலில் கிடைத்தது. திரையில் மாடத்திக்கு நேரே 'கிடைத்துவிட்டார்' என்று வந்தது. மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மாடத்தியை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள்.

தையல்காரியை இன்று காலைதான் எடுத்தார்கள். அதுவும் வேறு யாரையோ தேடப் போன இடத்தில். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் வரை உயிரோடு இருந்திருப்பாள் என்றார் டாக்டர். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"சரி பண்ணிட்டேன் மேடம்," என்றார் பொன்னுரங்கம். குரல் இறங்கியிருந்தது. "இனிமே அதே பேர் திரும்ப வந்தா பின்னால ரெண்டுன்னு சேந்துக்கும். கலக்காது."

திரையில் போட்டும் காட்டினார். கலக்கவில்லைதான்.

நிலோஃபர் திரும்பினார்.

"இதுல ரெண்டு யாரு சார்?"

"பின்னால பதிஞ்சவங்க. அந்தத் தையக்காரம்மா."

"அவங்க அப்பா வெளிய நிக்கிறாரு. ஏன் தேடலன்னு கேக்குறாரு. நீங்களே போய்ச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். குரு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாத் தூணருகே இசக்கி நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை மண். மகளைத் தன் கையாலேயே தூக்கி வந்திருந்தார்.

பொன்னுரங்கம் ஒன்று விடாமல் சொன்னார். விதியைச் சொன்னார். இனிஷியல் போனதைச் சொன்னார், பட்டப்பெயர் போனதைச் சொன்னார். நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அதான் ஆள் தெரியாமப் போச்சுண்ணே," என்று ஒருவழியாக முடித்தார் பொன்னுரங்கம்.

இசக்கி அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"எங்க லைன்ல மாடத்தி நாலு பேரு சார்," என்றார். "ஒருநாளும் யாரும் ஆள மாத்திக் கூப்பிட்டதில்ல."