கம்பி போட்ட கீறல்

திண்டுக்கல் பக்கம் ஒரு கோயிலில் வெள்ளிக் குடம் காணாமல் போனது. கதவில் பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கியது.

தர்மகர்த்தா வைரப்பன் நேரே பூட்டுப் பட்டறைக்கு வந்து, அங்கே கூட்டிப் பெருக்கும் காத்தமுத்துவின் சட்டையைப் பிடித்தார். காத்தமுத்து ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் கம்பியால் லீவர் பூட்டை, உள்ளே தகடுகள் அடுக்கிய பூட்டை, திறக்கப் பழகிக்கொண்டிருந்தான். அது போதாதா? ஏழை எதைக் கற்றாலும் திருடத்தான் கற்கிறான் என்பது பெரிய மனிதர்களின் நினைப்பு.

"பெருக்குற பயலுக்குப் பூட்டு வித்தை எதுக்குடா? இந்தா, அதே மாதிரிப் பூட்டு. ஊர் முன்னால திற. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போகலாம்."

திறந்தால் திருடன். திறக்காவிட்டால்?

காத்தமுத்து ஒரு மணி நேரம் குடைந்தான். பூட்டு அசையவில்லை. ஊரே சிரித்தது.

"நடிக்கிறான்யா!" என்றார் வைரப்பன்.

"நடிப்புன்னே வச்சுக்குங்க ஐயா. கோயில் சாவி வேற யார் கைக்காவது போச்சுங்களா?"

"இருக்கிறது ஒரே சாவி. என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லடா!"

"அப்போ கோயில் பூட்டையும் கொண்டாரச் சொல்லுங்க. ரெண்டையும் எங்க பட்டறை மேஸ்திரி பிரிக்கட்டுங்க."

மேஸ்திரி பிரித்தார். காத்தமுத்து குடைந்த பூட்டின் லீவர் தகடுகளில் எலி பிராண்டியதுபோல் கீறல்கள். கோயில் பூட்டில், சாவி உரசிய பளபளப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் கம்பி நுழைஞ்சா கோடு விழும். இதைத் திறந்தது சாவிதான்" என்றார் மேஸ்திரி.

ஊர் மொத்தமும் வைரப்பனின் இடுப்பைப் பார்த்தது.

அன்று ஸ்டேஷனுக்குப் போனது அவர்தான். ஆனால் சிரித்தவர்களில் ஒருவராவது காத்தமுத்துவிடம் வந்து, தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொன்னாரா? இன்றுவரை இல்லை.